ஆஷாடத்துக்கு முன் ஒரு ஷிஃப்ட்

போன ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை காலை என் போனில் வந்து கிடந்த மெசேஜ் இது: ‘அக்கா, ஞாயிறு அமாவாசை. வீடு ஷிஃப்ட் பண்றோம். பால் காய்ச்ச நீங்க வரணும். அதுவரைக்கும் எனக்கு மார்னிங் ஷிஃப்ட்.’

தேதியோ கிழமையோ இல்லாத செய்தியை நான் மதிப்பதில்லை. இதில் கிழமையோடு திதியும் இருந்தது. அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

அனுப்பியவள் செல்வி. பெங்களூர் ஜீவனஹள்ளியில் எங்கள் எதிர்வீட்டுக் குடித்தனம். ஆஸ்பத்திரி லேபில் வேலை. கணவர் முருகன் வேன் ஓட்டுகிறார். அவர்கள் இருந்த வீட்டை ஓனர் இடித்துக் கட்டப் போகிறார். மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். நல்லவேளையாக மர்பி டவுனில் ஒரு வீடு அமைந்துவிட்டது.

ஒரே மெசேஜில் இரண்டு ஷிஃப்ட்! அகராதியை எடுக்காமல் இருக்க முடியுமா?

மாற்றத்துக்கு ஆங்கிலத்தில் எத்தனை சொற்கள்... நம் ஊரில் ஒவ்வொன்றுக்கும் தனி வேலை கொடுத்திருக்கிறோம். பிளவுஸ் என்றால் ஆல்டர். ஆபீஸ் என்றால் டிரான்ஸ்ஃபர். சிவாஜிநகரில் பஸ் மாறினால் சேஞ்ச். கண்டக்டரிடம் இல்லாததும் சேஞ்ச். ஷிஃப்ட்டுக்கோ ஓய்வே கிடையாது. வீடு, வேலை நேரம், கார் கியர், கம்ப்யூட்டரில் ஒரு பட்டன் - எல்லாவற்றுக்கும் அதுதான். ஒரு காலத்தில் பெண்களின் உள்ளாடைக்கும் அதே பெயர் இருந்ததாம். அடிக்கடி மாற்றுவதால் வந்த பெயர் என்கிறார்கள்!

அகராதியை மூடிவிட்டுச் சுவரைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் தமிழ்க் காலண்டர் ஒன்று, கன்னடக் காலண்டர் ஒன்று. தமிழில் ஞாயிறு அமாவாசை, சரி. கன்னடத்தில் மறுநாள் திங்கள் ஆஷாட மாதம் பிறக்கிறது. கன்னடக்காரர்களுக்கு அமாவாசையும் ஆகாது, ஆஷாடமும் ஆகாது. புது வீட்டு ஓனர் சாரதம்மாவிடம் நாளைச் சொன்னாளா இவள்?

சொல்லவில்லை. அன்று சாயங்காலமே முருகனின் வேனில் மூன்று பேரும் கிளம்பினோம்.

“ஐயோ! அமாவாசெ தினா யாராதரூ ஹாலு உக்கிஸ்தாரா?” சாரதம்மா தலையில் கை வைத்தார். அமாவாசையன்று யாராவது பால் பொங்க வைப்பார்களா என்கிறார்.

“ஆன்ட்டி, எங்களுக்கு அதுதான் நெறஞ்ச நாளு!”

“உனக்கு நெறஞ்ச நாளு. என் மனெக்கு, இந்த வீட்டுக்கு?”

“அப்போ திங்கக்கிழமை?”

“ஆஷாடா மா! ஆகோதே இல்லா. ஷ்ராவணத்துல வா.”

“உங்க ஷ்ராவணம் பொறக்கறப்போ எங்களுக்குப் பாதி ஆடி பாக்கி இருக்கும் ஆன்ட்டி. ஆடியில குடி போனேன்னு தெரிஞ்சா, மாமியார் வாணியம்பாடிலேருந்து பஸ் ஏறி வந்து திட்டுவாங்க.”

இது பெங்களூர்த் தமிழர்களுக்கே வாய்த்த சிக்கல். ஆஷாடமும் ஆடியும் ஒன்றுதான் என்று நினைப்போம். இல்லை. அது சந்திரக் கணக்கு, இது சூரியக் கணக்கு. அது முந்திக்கொண்டு வரும், இது பிந்திப் போகும். இரண்டையும் மதித்தால் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை வீடு மாற ஒரு நாள்கூடத் தேறாது.

செல்வியின் முகம் வாடிவிட்டது. “அதுவரைக்கும் சாமானோட ரோட்லயா அக்கா நிக்கிறது?”

சாரதம்மா காபி கொண்டுவந்து வைத்தார். யோசித்தார். பிறகு சொன்னார்: “நாளைக்கு ஷுக்ரவாரா. பாலு பொங்க வெச்சு, உப்பு, மஞ்சா, ஒரு கொடம் தண்ணி வெச்சிட்டுப் போ. பால் பொங்கினா நீ மனெக்கு வந்த மாதிரி. சாமானு எப்போ வந்தா ஏனு?”

அதாவது, குடி வருவது பால்தான். பீரோவும் கட்டிலும் பின்னால் வரும் விருந்தாளிகள்!

ஆனால் வெள்ளி காலை செல்விக்கு டியூட்டி. உடன் வேலை செய்யும் நஸீமாவுக்கு அங்கிருந்தே போன் போட்டாள், ஸ்பீக்கரில்.

“நாளைக்கு என் டியூட்டி பாக்கறியாடி?”

“பாக்கறேன். ஞாயித்துக்கிழமை என்னோடது நீ பாரு. தம்பிக்குப் பொண்ணு பாக்கப் போறோம்.”

ஞாயிறுதான் சாமான் ஏற்றும் நாள். செல்வி தயங்கினாள். வாசலில் நின்ற முருகன் குரல் கொடுத்தார்: “ஒத்துக்கோ. சாமானுக்கு நான் இருக்கேன்ல?”

“அதான் பயமே!” என்றாள். ஆனாலும் ஒத்துக்கொண்டாள்.

ஷிஃப்ட் என்ற சொல்லுக்கு மிகப் பழைய பொருள் பங்கிட்டுக் கொடுப்பது என்கிறது அகராதி. இடம் மாறுவதெல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டதாம். நஸீமா அகராதி பார்த்திருக்க மாட்டார்... பார்த்து என்ன ஆகப்போகிறது?

வெள்ளி காலை காலி வீட்டில் ஒற்றை அடுப்பு. ராகு காலம் நெருங்குகிறது. பால் அசையவே இல்லை. சாரதம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், பாத்திரத்தையே முறைத்துக்கொண்டு நின்றோம். முருகன் கேஸ் சிலிண்டரைத் தட்டிப் பார்த்தார். திடீரென்று ஒரு சீறல்.

“உக்கித்து! உக்கித்து! பூர்வ திக்குக்கே, கெழக்கே பொங்கிச்சு பாரு!” சாரதம்மா கை தட்டினார். செல்வி சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். இனி அவர்களை யாரும் ரோட்டில் நிறுத்த முடியாது.

ஞாயிறன்று காலை ஒரு வீட்டிலிருந்து வேலைக்குப் போனவள், சாயங்காலம் வேறு வீட்டுக்குத் திரும்பினாள். போனதும் எனக்குப் போன்: “அக்கா, வீடு ஜோரா இருக்கு. ஆனா இட்லிச் சட்டியை எங்க வெச்சாருன்னு அவருக்கே தெரியல!”

மூட்டை கட்டியதில் ஒரு கண்ணாடி டம்ளர்கூட உடையவில்லை என்று முருகன் அடித்துச் சொல்கிறார். நான் இதை எழுதும் நாள்வரை, அந்தத் தகவல் உறுதிசெய்யப்படவில்லை.