கலியாண வீட்டுக்கு வந்த காப்புறுதிக்காரன்

காப்புறுதி முகவருக்குக் கந்தோரும் மேசையும் பெயருக்குத்தான். வியாபாரம் நடப்பது கலியாண வீட்டிலும் கோயில் பெருநாளிலும் செத்த வீட்டிலும். அரைகுறையாக அழைத்தவர் வீட்டுக்கும் நல்ல சேட்டாகப் போட்டுக்கொண்டு போய், சிரித்தபடி நின்ற அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நான் சொல்லப்போவது விளங்கும்.

பந்தி

நல்லூரில் ஒரு கலியாணம். மாப்பிள்ளையின் தகப்பன் என்னோடு படித்தவனின் பெரியப்பா, அவ்வளவுதான் உறவு. பந்தியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்குப் பக்கத்தில் இடம் பிடித்தேன். எடுத்த எடுப்பில் காப்புறுதி என்று வாய் திறக்கக்கூடாது, முதலில் குடும்பத்தை விசாரிக்க வேண்டும் என்பது எங்கள் மனேச்சர் சொல்லித்தந்த பாடம். பிள்ளைகளின் படிப்பை விசாரித்தேன். பிறகு அவருடைய தேகசுகத்தை விசாரித்தேன். பாயசம் வரும்வரை பதில் சொல்லிக்கொண்டிருந்தவர் இலையை மடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"தம்பி, நீர் என்ரை முகத்திலை சாவைத் தேடுறீர். நான் கை கழுவப்போறன். நீர் வேறை ஆரையும் பாரும்."

பெருநாள்

குருநகரில் அந்தோனி என்ற சம்மாட்டி, சொந்தமாகப் படகுகள் வைத்திருந்தவர், மாதா கோயில் பெருநாளுக்கு என்னை அழைத்தார். பூசை முடிந்து அவர் வீட்டுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், சுற்றிவர அவருடைய தொழிலாளர்கள். என் வாழ்க்கையில் முதல்தடவையாக ஆட்கள் தாங்களாகவே காப்புறுதி பற்றிக் கேட்டார்கள். போர் நடந்ததால் கடலில் மீன்பிடிக்கக் கடற்படை தடை போட்டிருந்த காலம். தடையை மீறிப் போனவர்களில் சூடுபட்டுத் திரும்பாதவர்களும் உண்டு.

போரில் செத்தால் எங்கள் கொம்பனி ஒன்றும் தராது என்பதைச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. நோய் வந்து செத்தால் உண்டு என்று அவசரமாகச் சேர்த்தேன். யாரும் கோபிக்கவில்லை. அந்தோனியின் மனைவி என் தட்டில் இன்னொரு மீன்துண்டை வைத்துவிட்டுச் சொன்னார்:

"காய்ச்சலிலை சாவம் எண்டு நம்பி இஞ்சை ஒருத்தரும் காசு கட்டமாட்டினம், தம்பி."

பிரியாவிடை

அச்சுவேலி மருந்துக்கடை முதலாளி ஒருவரைப் பிடிப்பதற்காக, அவர் மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீடு, மச்சானின் கலியாணம் என்று எல்லாவற்றிலும் முன்வரிசையில் நின்றேன். கடைசியில் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். படிவங்களைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் பறந்தேன். போனால், அவர் குடும்பத்தோடு கனடாவுக்குப் போவதற்கு விருந்து. என் தோளில் கை போட்டுச் சொன்னார்:

"எங்கடை வீட்டு விசேசம் எல்லாத்துக்கும் வந்தனீர். உமக்குச் சொல்லாமல் போக மனம் வரேல்லை."

அந்தியேட்டி

கலியாண வீட்டில் பழகி, உண்மையிலேயே கையெழுத்துப் போட்ட சிலரில் ஒருவர் பருத்தித்துறைச் சிவபாலன். தையற்கடை வைத்திருந்தார். போர்ச் சாவுக்கு ஒன்றும் கிடைக்காது என்று அன்றைக்கே வாசித்துக் காட்டினேன். தையற்காரனுக்கு யார் குண்டு போடப்போகிறான் என்று சிரித்தார். சந்தைக்குப் போன வழியில் பீரங்கிச் செல் விழுந்து செத்துப்போனார். கொம்பனியிடம் எவ்வளவோ மன்றாடிப் பார்த்தேன், முடியாது என்றுவிட்டார்கள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் போகக் கால் வரவில்லை; போகாமல் இருக்கவும் முடியவில்லை. வாசலிலேயே தயங்கி நின்றவனை அவர் மனைவி கண்டு, உள்ளே கூட்டிப்போய் இருத்தி, தானே இலை போட்டார். அந்தப் பெண்ணின் தமையன் என்னை யாரென்று விசாரித்து, காப்புறுதிக்காரன் என்று அறிந்ததும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். அந்தப் பெண் குறுக்கே வந்து நின்று சொன்னார்:

"இவர் அவரின்ரை சிநேகிதர், அண்ணை. காசுக்கதை ஒண்டும் இவரோடை கதையாதேங்கோ."

நாலு பேரோடு பழகினால் தொழில் பெருகும் என்கிறார்கள். எனக்குப் பெருகியது, போய்த் தலைகாட்ட வேண்டிய செத்த வீடுகள்தான்.