கோலாக் கொட்டைக்கு ஆங்கிலம் விளங்காது

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ரெக்ஸ்டேல் என்ற புறநகரில் ஒரு சலவைத் தொழிற்சாலையில் வேலை செய்தேன். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மடிக்க இரண்டு பேர் வேண்டும். எதிர்முனையைப் பிடித்தவள் நைஜீரியாவிலிருந்து வந்த இக்போ இனப் பெண். ஏறக்குறைய என் வயது. இருவருக்கும் அகதி வழக்கு முடியவில்லை. என்னுடையது உடைந்த ஆங்கிலம், அவளுடையது நல்ல ஆங்கிலம். நினைவில் எல்லாம் என் தமிழாகத்தான் கிடக்கிறது.

ஒரு பனிக்காலத்தில் ஊரில் அவளுடைய தகப்பன் இறந்துபோனார். வழக்கு முடியுமுன் நாட்டை விட்டுப் போனால் திரும்ப விடமாட்டார்கள். ஆகவே வழமைபோல வேலைக்கு வந்தாள்.

தகப்பன் மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே வாத்தியாராக இருந்தவர். முதுமையில், தன் தகப்பன் வைத்திருந்த ஊர்ப் பட்டத்தைத் தானும் ஏற்றுக்கொண்டார். காலில் பட்டக்காரரின் கயிறும் கட்டிக்கொண்டார். அது பழைய தெய்வங்களுக்கு உரியது என்று சபை அவரை விலக்கிவைத்தது. இப்போது அவளுடைய அண்ணன் அதே சபையில் போதகர். கயிற்றை வெட்டினால்தான் சபை அடக்கம் செய்யும் என்றார் அவர். வெட்டினால் தாங்கள் சாவீட்டுக்கு வரமாட்டோம் என்றார்கள் ஊரார். சவம் சவச்சாலையிலேயே கிடந்தது.

என் அப்பாவின் அப்பாவும் வாத்தியார் வேலைக்காக ஞானஸ்நானம் பெற்றவர்தான். வேலை உறுதியானதும் திருநீற்றுக்குத் திரும்பிவிட்டார். எங்கள் வீட்டில் அது சிரிப்புக் கதை. அவளை ஆற்றுவதற்காக அதைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"உங்களுக்குத் திரும்பிப்போகக் கோயில் நிண்டது. எங்கட கோயில் ஒரு மரம். வெள்ளைக்காரப் பாதிரியார் அதைத் தறிச்சுப் பள்ளிக்கூடப் பிள்ளையள் இருக்க வாங்கு செய்விச்சவர். அப்பா அந்த வாங்கில இருந்துதான் எழுதப் படிச்சவர்."

கடைசியில் அண்ணன் கயிற்றை வெட்டினார். சபை அடக்கம் செய்தது. ஊரார் வரவில்லை. தொலைபேசியில் கேட்டதை விரிப்பை மடித்தபடியே என்னிடம் சொன்னாள். அழவில்லை. சனிக்கிழமை இங்கேயாவது முறைப்படி ஒன்று செய்யவேண்டும், நீயும் வா என்றாள்.

பார்க்டேலில் அவள் இருந்த கட்டடத்தின் பார்ட்டி ரூமில், மத்தியானம் கூடினோம். ஆட்கள் குறைவு. தட்டில் கோலாக் கொட்டைகள் இருந்தன. அவர்களிடையே அதை உடைக்காமல் எந்தக் காரியமும் தொடங்காது. உடைக்குமுன் இருக்கிற ஆண்களில் மூத்தவர் முன்னோரை அழைத்து இக்போவில் வேண்டவேண்டும். மூத்தவர், மகனோடு பிறம்ரனில் வசித்த ஓய்வுபெற்ற வழக்கறிஞர். கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து வந்திருந்தார்.

கொட்டையைக் கையில் எடுத்து ஆங்கிலத்தில் தொடங்கினார். அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"ஐயா, கோலாவுக்கு இங்கிலீசு விளங்காது."

அவர் தலையசைத்து இக்போவில் தொடங்கினார். இரண்டு வசனம் போயிருக்கும். நின்றுவிட்டது. மறுபடி தொடங்கினார், அதே இடத்தில் நின்றது. சின்ன வயதிலேயே தன்னை விடுதிப் பள்ளியில் சேர்த்ததாகவும், அங்கே இக்போ பேசினால் பிரம்படி என்றும், பிறகு இலண்டனில் படித்ததாகவும் ஆங்கிலத்தில் சொன்னார்.

"மன்னிக்கவேணும் பிள்ளை. இக்போவில எனக்கு முழுசா வாறது ஒண்டுதான்."

கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்கினார். இம்முறை தடங்கலே இல்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். ஆமென் என்று முடிந்தபோதுதான் எனக்கு விளங்கியது. பாதிரிமார் இக்போவில் எழுதிக்கொடுத்த, பரலோகத்திலிருக்கிற பிதாவை நோக்கிய ஜெபம் அது. அவள் மட்டும் வாய் திறக்கவில்லை. கொட்டையை உடைத்துக் கொடுத்தபோது வாங்கிச் சாப்பிட்டாள். எனக்கும் ஒரு துண்டு தந்தாள். நல்ல கசப்பு.

எல்லாரும் போனபிறகு கதிரைகளை இருவருமாக அடுக்கினோம். அந்த மனிதர்மேல் கோபமா என்று கேட்டேன்.

"இல்லை. அவரை என்னத்துக்குக் கோவிக்க? அண்ணனையும் கோவிக்கேலாமக் கிடக்கு. எனக்குக் களைச்சுப்போச்சு, அவ்வளவுதான்."

அடுத்த ஆண்டு அவளுடைய வழக்கு சரிவந்தது. இனி ஊருக்குப் போய்வரலாம். அண்ணனும் வரச்சொல்லிக் கேட்டார். வேலையில் லீவு தரமாட்டார்கள் என்று சொல்லிவிட்டாள். லீவு கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். கேட்டுப் போய்வா என்று நானும் அவளுக்கு எடுத்துச்சொல்லவில்லை.