படிவத்தில் நான் எழுதாதது

'உடல்நலக் குறை ஏதாவது உண்டா?' என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. அதற்கு நேரே 'இல்லை' என்று எழுதினேன். அது பொய்.

என் மகளுக்கு வலிப்பு வரும். முதல் தடவை வந்தபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. ஸ்கூலுக்கு நேரமாகிறது என்று திட்டிக்கொண்டே தலை பின்னிக்கொண்டிருந்தேன். உடம்பு அப்படியே விறைத்து என் மடியில் சாய்ந்தாள். அன்றைக்கு நான் போட்ட கூச்சலில் தெருவே கூடியிருக்க வேண்டும். நல்லவேளை, எதிர்வீட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

தில்லை நகரில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். "பயப்படாதீங்க. வேளை தவறாம மாத்திரை குடுங்க. ஓடலாம், விளையாடலாம். கூட இருக்கறவங்களுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான்" என்றார். அதையே ஒரு சீட்டிலும் எழுதிக் கொடுத்தார். மற்றதையெல்லாம் கேட்டுக்கொண்டோம். அந்தக் கடைசி விஷயத்தை மட்டும் கேட்காத மாதிரி வந்துவிட்டோம்.

என் கணவருக்குக் காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டியில் வேலை. "வெளிய தெரிஞ்சா நாளைக்கு யாரு பொண்ணு கேட்டு வருவா?" என்றார். எட்டாவது படிக்கிற பெண்ணுக்கு மாப்பிள்ளைக் கவலை! எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வையம்பட்டியில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்கள் காதில் விழுந்தால் போதும், அடுத்த கல்யாணப் பந்தியில் சாம்பாருக்கு முன்னால் இந்தப் பேச்சுதான் பரிமாறப்படும். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, சத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைத்தேன். மகளிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி வைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரைப் பக்கம் இருக்கும் திடலில், ஒரு அறக்கட்டளை பெண் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கோ-கோ சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தது. நடத்துகிறவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெண்மணி. எல்லோரும் மேடம் என்போம். வீடு வீடாக வந்து, "பொண்ண ரெண்டு மணி நேரம் எங்ககிட்ட விடுங்க" என்று கேட்டார். சித்திரை வீதிப் பெண்ணும், பூக்கட்டுகிறவர் வீட்டுப் பெண்ணும், பள்ளிவாசல் தெருப் பெண்ணும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். முடிந்ததும் ஆளுக்கொரு முட்டை, வேண்டாம் என்கிற பிள்ளைக்குச் சுண்டல். என் மகள் மூன்று நாள் சாப்பிடாமல் அடம்பிடித்துத்தான் அதில் சேர்ந்தாள். அங்கே கொடுத்த படிவத்தில்தான் நான் 'இல்லை' என்று எழுதினேன்.

சேர்ந்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி போனது. தைக்க வாங்கிய ரவிக்கைகளை அப்படியே போட்டுவிட்டுச் சாயங்காலம் அவளோடு திடலுக்குப் போய்விடுவேன். பையில் தண்ணீர், துண்டு, ஒரு பெரிய இரும்புச் சாவிக்கொத்து. வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் கொண்டுபோனேன்.

மேடம் அம்மாக்களையும் சும்மா உட்கார விடமாட்டார். "நாலு சுத்து நடங்க, பிரஷர் குறையும்" என்று விரட்டுவார். மற்றவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டு திடலைச் சுற்றி வருவார்கள். அவர்களில் ஒருத்திக்கு முட்டிவலி போயே போய்விட்டது. நான் மட்டும் ஒரே பக்கத்தில் பத்தடி போவேன், திரும்புவேன். முதுகைக் காட்டினால் அந்த நொடியில் அவள் விழுந்துவிடுவாள் என்று பயம். அவள் தடுக்கினால் பயம், கண்ணைக் கசக்கினால் பயம். என் பிரஷர் ஏறியதுதான் மிச்சம்.

இரண்டு தடவை மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பொண்ணப் பத்தி எங்ககிட்ட ஏதாவது சொல்லணுமாங்க?" என்று கேட்டார். இரண்டு தடவையும், "ஒண்ணும் இல்லைங்க மேடம். நல்லா சாப்பிட மாட்டேங்கறா, அதான்" என்றேன்.

பத்தாவது மாதம் அது நடந்தது. கோ-கோவில் பிள்ளைகள் ஒருத்தி இந்தப் பக்கமும் அடுத்தவள் அந்தப் பக்கமும் பார்த்து வரிசையாகக் குந்தியிருப்பார்கள். துரத்துகிறவள் முதுகில் தட்டி "கோ" என்றால், தட்டு வாங்கியவள் எழுந்து ஓட வேண்டும். பூக்காரர் வீட்டுப் பெண் ஓடிவந்து என் மகள் முதுகில் தட்டி "கோ" என்றாள். இவள் எழவில்லை. பக்கவாட்டில் சரிந்தாள்.

நான் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். எதிரே இருப்பது எதுவும் தெரியவில்லை. செத்துவிட்டாள், நான்தான் கொன்றேன் என்று மட்டும் மண்டைக்குள் ஓடியது. போய்ச் சேர்வதற்குள் ஒருத்தி அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தாள். ஒருத்தி துப்பட்டாவை மடித்துத் தலைக்குக் கீழே வைத்திருந்தாள். ஒருத்தி மேடத்தின் வாட்சைப் பார்த்து நேரம் சொல்லிக்கொண்டிருந்தாள். யாரும் அலறவில்லை. நான் அவள் கையில் சாவியைத் திணிக்கப் போனபோது பூக்காரர் வீட்டுப் பெண் குறுக்கே கை நீட்டினாள்.

"சாவி வேணாம் ஆன்ட்டி. கையைப் புடிக்காதீங்க. ரெண்டு நிமிஷம்தான், தானா நின்னுடும்."

நின்றது. நான் மண்ணில் உட்கார்ந்து அழுதேன். "இனிமே இவளை அனுப்ப மாட்டேன் மேடம்" என்றேன்.

மேடம் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "ரெண்டாவது நாளே டாக்டர் சீட்டை உங்க பொண்ணு என்கிட்ட கொண்டுவந்து காட்டிட்டா. அம்மாகிட்ட கேட்டுடாதீங்க, என்னை நிறுத்திடுவாங்கன்னு அழுதா. நான் அந்த டாக்டரைப் போய்ப் பார்த்துக் கேட்டுட்டு வந்தேன். அப்புறம்தான் எல்லாப் பிள்ளைங்களுக்கும் சொல்லிக்குடுத்தேன். நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு இருந்தது என் தப்புதாங்க" என்றார்.

திடலில் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. பத்து மாதமாக நான் மட்டும் ஒளித்து வைத்திருக்கிறேன். வெட்கமா கோபமா என்று எனக்கே தெரியவில்லை. டாக்டரிடம் போய்க் காட்டிவிட்டு ஆட்டோவில் திரும்பும்போது, காவிரிப் பாலத்தில் அவளைப் பிடித்துக்கொண்டேன். பிடித்தேன் என்ன, கத்தினேன்.

"யார்கிட்டயும் சொல்லாதேன்னுதானே சொன்னேன்? எதுக்குடி சொன்னே? நான்தான் தினம் வந்து பார்த்துக்கிட்டே நிக்கறேன் இல்ல? உசுரைக் கையில புடிச்சுக்கிட்டு நிக்கறேன்டி!"

அவள் அயர்ந்து போய் என் தோளில் சாய்ந்திருந்தாள். தலையைக்கூடத் தூக்கவில்லை.

"உனக்கு மட்டும்தான் பயமாம்மா? எனக்கு இருக்காதா?"

பத்து மாதத்தில் ஒரு தடவைகூட நான் அவளிடம் அதைக் கேட்டதில்லை.