மதகின் வாய்

மழை இரையத் தொடங்கினால் மாயாண்டிக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. நோர்வூட்டுக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அவர்தான் மேசன். மலையிலிருந்து வரும் தண்ணீரை ரோட்டுக்கு அடியில் கடத்தும் மதகு, அவர் கட்டியது. அதற்கு நேர் கீழே உள்ள தொழிலாளர் லயத்தில் கடைசிக் காம்பிராதான் அவருடைய தங்கச்சி வேலாயியின் வீடு. இந்த வருசம் தண்ணீர் இரண்டு தடவை ரோட்டைத் தாண்டி விழுந்து அவளுடைய பின்சுவரை வெடிக்க வைத்துவிட்டது. இன்னொரு தடவை அடித்தால் அந்தச் சுவர் நிற்காது.

மதகுக்குப் பெரிய குழாய் போடலாம், ஆனால் அடுத்த வருசம்தான் கிடைக்கும் என்று தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு சொல்லியிருந்தார். குழாய் சிறியது என்றுதான் மாயாண்டியும் நம்பினார். மழை விழும்போதெல்லாம் மண்வெட்டியோடு ஓடி, மதகு வாயில் சிக்கும் சருகையும், கவ்வாத்தில் வெட்டிப்போட்ட மிலாறுக் குச்சிகளையும் இழுத்துப் போட்டார். அப்படியும் தண்ணீர் ஏறியது.

ஒரு பின்னேரம், மேலே குழாய் முழுவதும் மூழ்கிக் கிடக்கையில், கீழே இறங்கி மறுபக்க வாயைப் பார்த்தார். அங்கே குழாயில் பாதியளவுதான் ஓடியது. மேலே ஏறிப் பார்த்தார். திரும்பவும் இறங்கினார். அடைப்பு இல்லை, குழாய்க்குள் இடமும் இருந்தது. தண்ணீருக்கு நுழையத்தான் முடியவில்லை.

கொழுந்து லொறி வரும்வரை பெண்கள் சாக்குகளை ஈரத்தில் வைக்க வேண்டாமென்று, வாய்ச்சுவரின் இருபுறமும், தண்ணீர் வரும் கானுக்குள் நீளும்படி, அவர்தான் முன்பு மேடை கட்டியிருந்தார். வரும் தண்ணீர் அதில் முட்டிச் சுழன்றது. பிறகு குழாயின் கூரான விளிம்பில் மடங்கி, ஒடுங்கி, உள்ளே போனது.

கண்டாக்கிடம் சொல்லிவிட்டு, மறுநாளே மேடையை உடைக்கத் தொடங்கினார். கொழுந்தோடு வந்த லெட்சுமி நின்றுவிட்டாள்.

"என்னாண்ணே, நீங்களே கட்டி நீங்களே ஒடைக்கிறீங்க? சாக்க ஒங்க தலையிலயா வைக்கிறது?"

"வையி தாயி. லொறி வர்ற வரைக்கும் தூக்கிக்கிட்டு நிக்கிறேன்."

"நீங்களா? ஒரு எடத்துல நிக்கிற ஆளா நீங்க!"

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். சிரித்தாலும் சாக்குகளை ஈர மண்ணில் இறக்கும்போது முகம் சுளித்தார்கள். மேட்டுப் பக்கம் வேறு மேடை கட்டித் தருவதாகச் சொன்னார். அவர்கள் அதை நம்பியதாகத் தெரியவில்லை.

பக்கச்சுவர்களை, தண்ணீர் ஏந்தும் இரண்டு கைகள்போல விரித்துக் கட்டினார். குழாயின் விளிம்பைச் சுற்றிச் சிமெந்து அப்பி, ஒரு போத்தலால் தேய்த்துத் தேய்த்து உருட்சியாக்கினார். அது இறுகும்வரை மூடுபனி இறங்கினால்கூட எழுந்து வானத்தைப் பார்த்தார்.

சிமெந்து இறுகியபின் வந்த முதல் பெருமழை மத்தியானத்தில் பிடித்தது. வேலாயி உடுப்பு மூட்டையோடு வாசலில் நின்றாள்.

"அண்ணே, ரோட்டுக்கு வருதா?"

"பொறு."

தண்ணீர் விரிந்த சுவர்களுக்கிடையே கூடி, சுழலாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கியது. ரோட்டு விளிம்புக்கு ஒரு சாண் கீழே வந்து, அதற்கு மேல் ஏறவில்லை.

"வரல! மூட்டையப் பிரி!"

சொல்லிவிட்டு மறுபக்கம் ஓடினார். இப்போது குழாயிலிருந்து தண்ணீர் பாய்ந்து விழுந்து, கரை மண்ணைக் கிண்டிக்கொண்டிருந்தது. அதுவும் லயத்தின் பக்கமாக. அவர் ஒரு கல்லைப் புரட்டி அதன் கீழே தள்ளினார். அடுத்த கல் அசையவில்லை.

"ஒரு நிமிசம் சும்மா இருக்க விடமாட்டீங்களே" என்றாள் வேலாயி. மூட்டையைக் கட்டிலில் போட்டுவிட்டு, கல் நெம்பும் அலவாங்கை எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கினாள்.