அப்பாவின் காப்புநூல்

அந்த இருபத்தொரு நாளும் எங்கள் வீட்டில் தபால்காரி நான்தான். அம்மா கேதாரகௌரி விரதம் பிடித்திருந்தார். புருஷன் பெண்சாதி ஒற்றுமைக்காகப் பிடிக்கிற விரதம். முதல் நாளிலேயே இருவருக்கும் கதைபேச்சு நின்றுவிட்டது. என்ன பொருத்தம் பாருங்கள்!

அப்பாவுக்குத் திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை. சாமியோடு அவருக்குப் பகையில்லை, பழக்கமும் இல்லை. அம்மாவைக் கோயிலுக்கு ஏற்றிக்கொண்டு போவார். உள்ளே வராமல், வாசலில் மேயும் மான்களுக்குப் பழத்தோல் கொடுத்துக்கொண்டு நிற்பார். அந்த முறை அதற்கும் வரவில்லை. டிவியில் கிரிக்கெட்.

"உங்களுக்காகத்தானே பிடிக்கிறன்!" என்று அம்மா வெடித்தார்.

"நான் கேட்டனானே?" என்றார் அப்பா. அவ்வளவுதான்.

பிறகு, "சாப்பாடு மேசையில இருக்கெண்டு அப்பாட்டச் சொல்லு" என்பார் அம்மா. நாலடி தள்ளிக் கதிரையில் இருக்கும் அப்பா, "கண்டிட்டனெண்டு சொல்லு" என்பார். நானும் ஒரு சொல் விடாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். ஒன்பது வயது எனக்கு. உள்ளுக்குள் ஒரே பயம். என் வகுப்புத் தோழியின் அப்பா இப்படித்தான் கதை நின்று, வேறு வீட்டுக்குப் போனவர்.

கடைசி நாள் அம்மா கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டு, அப்பாவுக்கும் ஒரு நூல் கொண்டுவந்தார். வருஷா வருஷம் பழையதை அவிழ்த்துப் புதியதை அம்மாதான் கட்டிவிடுவார். அன்றைக்கு நூலை என்னிடம் தந்து, "கொண்டுபோய்க் கட்டிவிடு" என்றுவிட்டுச் சமையலைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டார்.

அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கையை நீட்டினார். நீட்டிய கையில் மூன்று முடிச்சுப் போட்டு, பலமெல்லாம் சேர்த்து இறுக்கினேன்.

குசினி வாசலில் நின்ற அம்மா கண்டுவிட்டார்.

"ஐயோ, என்ன பிள்ளையடி நீ! ஆம்பிளையளுக்கு வலக் கையிலயெல்லோ கட்டிறது!"

ஓடிவந்து அப்பாவுக்கு முன்னால் குந்தி அவிழ்க்கத் தொடங்கினார். நகத்துக்கு முடிச்சு அசையவில்லை. குனிந்து பல்லால் இழுத்தார்.

"விரதகாரர் இறைச்சியில வாய் வைக்கப்படாது" என்றார் அப்பா. என்னிடம் சொல்லி அனுப்பாமல், நேரே அம்மாவிடம்.

"பேசாமல் இருங்கோ" என்ற அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அப்பாவின் கையை மட்டும் விடவில்லை.

எனக்கோ வந்தது அழுகை மட்டும்தான். ஏச்சு வாங்கியது நானல்லவா! எனக்காக ஒரு வார்த்தை கதைக்கவில்லையே என்று இரண்டு நாள் அப்பாவோடு கோபம் போட்டேன்.

போன வருஷத்துக் காப்பு, நிறம் மங்கி, அப்பாவின் வலக் கையில்தான் கிடந்தது. எல்லா வருஷமும் அந்தக் கையையே நீட்டிய மனிதர், அன்றைக்கு என்னிடம் ஏன் இடக் கையை நீட்டினார் என்று நான் யோசிக்கவேயில்லை.