எரிக்கச் சொன்ன காபன் தாள்

என் இரும்புப் பெட்டியின் அடியில் ஒரு காபன் தாள் கிடந்தது. ஒரே ஒரு தடவை பாவித்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் டைப்ரைட்டரில் அதை வைத்து அடித்த கடிதம் முழுவதையும் வாசிக்கலாம். எரித்துவிடும்படி எனக்குச் சொல்லப்பட்ட தாள் அது. நான் எரிக்கவில்லை. அதைப் பெரிய காரியமாகச் சொல்ல வரவில்லை. காட்டவேண்டிய ஆளுக்குக் காட்டவேண்டிய நேரத்தில் காட்டாதவன் அதை எரித்தால் என்ன, வைத்திருந்தால் என்ன.

இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சில வருடங்கள் முந்தி யாழ்ப்பாணத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் கிளாக்கராக இருந்தேன். அங்கே மேல்வகுப்புக்குக் கணக்குப் படிப்பித்த மாஸ்டர் என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். உரும்பிராயில் புகையிலைத் தோட்டம் செய்தவரின் மகன். கல்லூரி எதற்கும் போகாமல், தபாலில் புத்தகம் எடுப்பித்து, வீட்டிலிருந்தே படித்து லண்டன் பட்டச் சோதனையில் சித்தியடைந்தவர். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டபின் நான் கடிதம் அடிக்கும் கந்தோர் வாசலில் வந்து நின்றார். “அண்ணை, சீமைக்கு ஒரு கடிதம் அடிக்கவேணும். துரைக்கு இப்ப தெரியவேண்டாம்.” துரை என்றது எங்கள் பிரின்சிப்பலை. வெள்ளைக்காரப் பாதிரியார்.

இங்கிலாந்தில் ஒரு சர்வகலாசாலையில் எம்.எஸ்ஸி. படிக்க என்ன தகுதி வேண்டும், வீட்டிலிருந்து படித்தெடுத்த பட்டம் அங்கே செல்லுமா, எந்தத் திகதிக்கு முன் விண்ணப்பிக்கவேண்டும். கேட்க இருந்தது இவ்வளவுதான். ஆனால் அவர் எழுதிவந்த தாளில் முதல் பாதி முழுக்கத் தாழ்மையும் பணிவுமாக இருந்தது. “நீர் கேக்கிறீரோ, கெஞ்சிறீரோ?” என்றேன். “பாதி கெஞ்சுவம், பாதி கேப்பம் அண்ணை. எது பலிக்குதோ ஆருக்குத் தெரியும்” என்றார். கெஞ்சலை வெட்டிவிட்டு ஐந்து வரியில் அடித்துக் கொடுத்தேன். அவர் அதோடு தன் நற்சாட்சிப் பத்திரங்கள் ஒன்பதின் பிரதிகளையும் வைத்து அனுப்பினார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. எங்கள் ஊரில் நற்சாட்சிப் பத்திரம் என்றால் பெரிய மனிதரிடம் போய் நின்று, திறந்தபடி கையில் வாங்கி, வாசித்துப் பார்த்து, தகரக் குழலுக்குள் சுருட்டி வைத்துக்கொள்வது. அவருடைய குழலில் ஊர்த் தலைமைக்கார உடையார், கோட்டில் வழக்குப் பேசும் அப்புக்காத்து, டாக்குத்தர் என்று எல்லாரும் இருந்தார்கள். “உடையார் என்ரை கணிதத்தைப் பற்றி என்ன எழுதினவர் தெரியுமோ? வெத்திலை போடமாட்டாராம்” என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

மூன்று மாதத்தில் பதில் வந்தது. மரியாதையான பதில். பட்டம் செல்லும். விண்ணப்பப் பத்திரத்தை நிரப்பி அனுப்பலாம். அந்த ஒன்பது பிரதிகளையும் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அவருடைய படிப்பை அறிந்த ஒருவர், வேலை செய்யும் இடத்தின் தலைவராகவோ வேறு ஒருவராகவோ இருக்கலாம், அவர் தன் கருத்தை எழுதி, விண்ணப்பகாரருக்குக் காட்டாமல், ஒட்டிய உறையில் நேரே அனுப்பவேண்டும் என்று கேட்டிருந்தார்கள். “எனக்குக் காட்டாமல் என்னைப் பற்றி எப்பிடி எழுதுறது?” என்று அவர் திகைத்துப்போய் நின்றார். நல்லூரில் ஒரு பழைய கணிதப் பேராசிரியர் ஓய்வாக இருந்தார். மாஸ்டர் போட்ட கணக்குகளைப் பார்த்து மெச்சியவர், எழுதித்தர ஆயத்தமாகவும் இருந்தார். அவரிடம் போம் என்றேன். “துரை இருக்க அவரின்ரை தலைக்கு மேலாலை போறது மரியாதை இல்லை அண்ணை” என்றார். மரியாதை. அந்தச் சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாஸ்டர் துரையிடமே போய்க் கேட்டார். துரை அவருக்குக் கை கொடுத்தார், தேத்தண்ணி கொடுத்தார், சந்தோஷம் என்றார். அவர் வெளியே போனபின் உப அதிபரிடம், இவன் போனால் இந்தச் சம்பளத்துக்கு மேல்வகுப்புக் கணக்குக்கு யாரைப் பிடிப்பது என்று கேட்டதும் என் காதில் விழுந்தது. அடுத்த நாள் கடிதத்தைக் கையால் எழுதித் தந்து அடிக்கச் சொன்னார். நேர்மையானவர், நேரம் தவறாதவர், கீழ்ப்படிவானவர் என்று முதல் பந்தி. அவருடைய அறிவு மனப்பாடத்தின் பலனே தவிரச் சொந்தச் சிந்தனையின் பலன் அல்ல, உடல்நிலை அந்தக் குளிரைத் தாங்காது, தன் சனத்துக்குள் இருந்தால்தான் பிரயோசனப்படுவார் என்று இரண்டாம் பந்தி. புதுக் காபன் வைத்து அடித்தேன். ஓர் எழுத்தும் பிழைக்கவில்லை. பிரதியைத் துரை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். காபனை எரித்துவிடு, இது நம் இருவருக்குள் இருக்கட்டும் என்றார். அரக்கு வைத்து ஒட்டி, தபாற்கந்தோருக்குக் கொண்டுபோனவனும் நான்தான்.

புறப்படும்போது பள்ளிக்கூட வாசலில் மாஸ்டர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். “என்ன எழுதினவர் அண்ணை?” உறை என் கையில் இருந்தது. காபன் சட்டைப் பைக்குள் இருந்தது. கடைசித் திகதிக்குள் போய்ச்சேரக்கூடிய இன்னொரு கப்பல் தபாலுக்குப் பதினான்கு நாள் இருந்தது. ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றைக்கே நல்லூருக்குப் போய்ப் பேராசிரியரிடம் எழுதுவித்திருப்பார். எனக்கு மனைவி, மூன்று பிள்ளைகள், கலியாணம் ஆகாத இரண்டு தங்கச்சிமார். எல்லாக் கோழைகளுக்கும் இப்படி ஒரு பட்டியல் இருக்கும். “நல்லாத்தான் எழுதினவர்” என்றேன்.

அந்தப் பதினான்கு நாளும் ஒவ்வொரு காலையும் சொல்லுவோம் என்று போனேன், சொல்லாமல் திரும்பினேன். அவர் புதுச் சப்பாத்து வாங்கி, கால் பழகட்டும் என்று பின்னேரங்களில் புகையிலை வரம்பில் போட்டுக்கொண்டு நடந்தார். ஊர்ச் சனம் பார்த்துச் சிரித்தது. “சிரிக்கட்டும் அண்ணை, அங்கை போய் நொண்டக்கூடாது” என்றார். பதினைந்தாம் நாள் எனக்கு நெஞ்சு இலேசானது. இனிச் சொல்லிப் பயனில்லை என்ற நிம்மதி. அந்த நிம்மதிக்காகத்தான் என்னை நான் மன்னிக்கவில்லை.

இடமில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. காரணம் சொல்லவில்லை. “துரையைக் குறை சொல்ல ஏலாது, அவர் நல்லாத்தானே எழுதினவர். என்ரை பட்டம் அங்கை போதாது, காணாது போலை” என்றார் மாஸ்டர். பிறகு யுத்தம் வந்தது, கப்பல் நின்றது, வயதும் போயிற்று. துரை சீமைக்குத் திரும்பிப் போனபோது மாலை போட்டவர் அவர். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தன்னைப் போல வீட்டிலிருந்து படித்த பொடியன்கள் வந்து யோசனை கேட்டால், “உந்தப் பட்டத்தை வெளியிலை மதிக்கமாட்டாங்கள், வீணாய் எழுதாதையுங்கோ” என்று திருப்பி அனுப்பினார். எத்தனை பேரை அனுப்பினாரோ. அவர்களுடைய வழியையும் நான்தான் அடைத்தேன்.

போன மாதம் தாளை எடுத்துக்கொண்டு உரும்பிராய்க்குப் போனேன். முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது, என்னைக் குரலால்தான் மட்டுக்கட்டினார். கையில் கொடுத்தேன். தடவிப் பார்த்துவிட்டு, “காபனோ? எனக்குக் கண் தெரியாது அண்ணை, நீங்களே வாசியுங்கோ” என்றார். முதல் பந்தியோடு நிறுத்தியிருக்கலாம். அவருக்குத் தெரியவராது. யன்னல் வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பந்தியையும் வாசித்தேன். அடித்தது நான், கொண்டுபோனது நான், அன்றைக்கு வாசலில் சொன்னது பொய் என்றும் சொன்னேன்.

கோபிப்பார், ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நல்லது. அவர் முகத்தை யன்னல் பக்கம் திருப்பி, மெதுவாக, தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார்.

“அப்ப, என்ரை பட்டம் காணும்.”

தாளைத் திருப்பித் தரவில்லை. சுருட்டித் தகரக் குழலுக்குள் வைத்தார், அந்த ஒன்பதோடு.