மூன்றாவது டிக்

பாலக்கரையில் மோட்டார் உதிரிபாகக் கடை நடத்தும் சுராயா, கணவர் ஹனீஃபாவோடு பரீட்சை எழுதி ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கியவள். கொள்ளிடத்தில் வெள்ளம் வந்து செல்போன் செத்துப்போனாலும், கரையோர ஊர்களுக்கும் மீட்புப் படகுக்கும் நடுவே பேச்சு அறுந்துவிடக் கூடாது என்று, ஸ்ரீரங்கம் முதல் லால்குடி வரை ஒன்பது தொண்டர்களைச் சேர்த்தாள். தன் மாடியில் ஏரியல் நட்டாள். விதிகளையும் அவளே எழுதினாள்.

கால் மணிக்கு ஒருமுறை அவள் ஒவ்வொருவராகக் கூப்பிடுவாள். சொல்ல ஏதுமில்லை என்றால் பேசி பாட்டரியைத் தீர்க்க வேண்டாம். கையிலிருக்கும் ரேடியோ செட்டின் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் போதும். டிக், டிக். எல்லாம் நலம் என்று அர்த்தம். இன்னொரு விதி, சொந்த விஷயத்துக்கு ரேடியோ கிடையாது. தன் அம்மாவைப் பற்றிக் கேட்ட ஒரு தொண்டரைப் போன வருடம் எல்லோர் காதிலும் விழும்படி கண்டித்தவள் அவள்.

அந்த ஆடி மாதக் காலையில் கொள்ளிடம் செம்மண் நிறத்தில் கரையை நக்கிக்கொண்டு ஓடியது. லால்குடிப் பக்கம் ஆற்றோரத் தெரு ஒன்றில் ஹனீஃபா. அதே கரையில் சற்று மேலே, இருந்த ஒரே படகோடு தாயுமானவன்.

பதினொரு மணிக்கு ஹனீஃபாவிடமிருந்து டிக், டிக்.

"மச்சான் வீட்டுலயும் இப்படித்தானாக்கா?" என்றான் தாயுமானவன்.

"வீட்டுல ஒரு டிக்தான். நீ தண்ணியப் பாரு."

பதினொன்றேகாலுக்கு மூன்று டிக்.

பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்த சுராயாவின் பேனா நின்றது. "ஹனீஃபா, பேசுங்க."

மறுபடி மூன்று. பேச்சில்லை.

"ஈரத்துல செட்டு தானா தட்டும்க்கா. இருந்தாலும் படகை எடுக்கவா?"

எடு என்ற சொல் அவள் தொண்டை வரை வந்தது. வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பாள். புருஷன் என்றதும் படகை அனுப்பிவிட்டாள் என்று மற்ற எட்டுப் பேரும் நினைப்பார்களே. அவள் எழுதிய விதி அவள் வாயையே பொத்தியது.

"அடுத்த முறை பார்ப்போம்."

அந்தக் கால் மணி நேரமும் கொள்ளிடம் சும்மா இருக்கவில்லை.

பதினொன்றரைக்கு அவள் கூப்பிட்டாள். ஒரு டிக்கும் இல்லை. படகு பறந்தது.

ஹனீஃபா உயிரோடு கிடைத்தார். மாலையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "ஒரு கையில அந்தத் தெரு அல்போன்சாம்மாவைத் தண்ணி அடிச்சுட்டுப் போகாம பிடிச்சிருந்தேன். இன்னொரு கை தூணைச் சுத்தி. செட்டு அந்தக் கையில. வாய்கிட்ட கொண்டுவர முடியல சுராயா. கட்டைவிரல்தான் அசைஞ்சுது. ரெண்டுன்னா நலம்னு நினைச்சுடுவியேன்னு மூணா அழுத்தினேன்." கட்டைவிரலைத் தடவிக்கொண்டே, "நீ கடைசியா கூப்பிடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் அவங்க கை நழுவுச்சு" என்றார்.

அல்போன்சாவின் மகள் ப்ரீத்தி, காரியமெல்லாம் முடிந்தபின் பாலக்கரைக்கு வந்தாள். "எங்கம்மா மாட்டிக்கிட்டது உங்களுக்கு எத்தனை மணிக்குத் தெரிஞ்சுது?"

பதினொன்றரை என்று சொல்லிவிடலாம். படகு கிளம்பிய நேரம் அதுதான். யாரும் தப்பென்று சொல்ல மாட்டார்கள். உள்ளே ஹனீஃபாவின் இருமல் கேட்டது.

சுராயா ரேடியோப் பதிவேட்டைத் திறந்தாள். பதினொன்றேகால், மூன்று டிக் என்ற வரியில் விரலை வைத்து, அதை ப்ரீத்தியின் பக்கம் திருப்பினாள்.